தணிகாசலத்தின் இரவுப் பணி

போனா விஸ்டாவில், ஏழாவது மாடியில்,
ஜன்னல் வைக்காத ஓர் அறைக்குள்
நட்சத்திரம் ஒன்று பிறந்துகொண்டிருந்தது.
எனக்கு அது தெரியாது.
எனக்குத் தெரிந்தது
மூன்றாம் வரிசைக்குப் பதினெட்டு டிகிரி,
குழாயில் நாலு பார் அழுத்தம்,
அத்தனை இரைச்சலிலும் ஒரு விசிறி சுருதி பிசகினால்
அது எந்த விசிறி என்பது.

முனைவர் ரஃபிடாதான் சொன்னார்.
ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர்,
கையில் ஆறிப்போன கோப்பி ஓ.
'சூடு இருக்கும்வரை மேகம் விரியும், மிஸ்டர் தணி.
சூட்டை வெளியே விட்டால்தான்
தன் கனம் தாங்காமல் உள்ளே விழும்.
விழுந்து விழுந்துதான் பற்றிக்கொள்ளும்.'
எவ்வளவு குளிர் என்று கேட்டேன்.
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்து மூன்று.
என் பதினெட்டை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தணிகாசலம் என்று பெயர் வைத்த அப்பா
துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர்.
கோபம் தணிந்த மலையின் பெயரைச் சுமந்துகொண்டு
முப்பது வருடமாக நான்
பிறர் சூட்டை மொட்டைமாடிக்கு ஏற்றுகிறேன்.
அங்கே கோபுரங்கள் ஆவி விடும்.
அதற்கு மேலே ஆரஞ்சு வானம்,
அதற்கும் மேலே இருப்பதாகச் சொல்கிறார்கள்.

நாற்பத்தோராம் நாள்
விடியற்காலை மூன்று பன்னிரண்டுக்கு
இரண்டாம் சில்லர் நின்றது.
இருபத்து நாலு. இருபத்தொன்பது. முப்பத்து மூன்று.
பைபாஸ் வால்வு துருவேறி
என் மணிக்கட்டைத்தான் திருகியது.
முப்பத்தெட்டில், விதிமுறைப்படி,
மூன்றாம் வரிசையை அணைத்தேன்.

அமைதி இவ்வளவு பெரிதா.

இறந்த வீட்டு வாசலில் நிற்பவன்போல் நின்றேன்.
ரஃபிடா டாக்சியில் வந்தார்,
வீட்டுச் செருப்போடு.
'எவ்வளவு போயிற்று?'
நான் கேட்க வேண்டிய கேள்வி;
அவரே கேட்டு, அவரே திரையைப் பார்த்து,
'ஒன்பதாயிரம் வருடம்' என்றார்.
பிறகு தோளைக் குலுக்கி,
'பரவாயில்லை. சேமித்த இடத்திலிருந்து ஓட்டலாம்.
மேகத்துக்கு ஞாபகம் இருக்காது.'

ஒன்பதாயிரம் வருடம்!
இந்தத் தீவு கரையோடு ஒட்டியிருந்த காலம் அது;
ஜொகூருக்கு நடந்தே போயிருக்கலாம்.
ஒரு துருப்பிடித்த வால்வு.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.
முதல் ஓட்டத்தில் ஒரே கருவாய்த் திரண்டு வந்தது
இந்த முறை இரண்டு.
நடுவில் தூசித் தட்டு, இடுப்பில் ஒட்டியாணம்போல;
தட்டில் மெல்லிய இடைவெளிகள்.
கோள்கள் கால் பதிக்கும் தடம் அது
அல்லது கணக்கின் பிசிறு
என்றார், இரண்டையும் ஒரே குரலில்.

என்னால் இரட்டையாயிற்றா?
வேறு கணிப்பொறிகளில் ஏற்றினார்களாம்.
பதினாறாம் தசமத்தில் ஏதோ நகர்ந்திருக்கும்,
அரிசி மூட்டையில் ஒரு மணி புரண்டதுபோல.
'அப்படியானால் எது சரி?'
அவர் சிரித்தார். அல்லது கொட்டாவி.
'வானத்தில் இரண்டுமே உண்டு, மிஸ்டர் தணி.
இனி நூறு தடவை ஓட்ட வேண்டும்.
நூறு தடவை குளிர் வேண்டும்.'

பணிப் பதிவேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
சில்லர் 2, வால்வு மாற்றம், கேஸ்கெட் இரண்டு.
கேஸ்கெட்டுக்கு மேலே
ஒரு கணம் பேனா நின்றது.
நட்சத்திரம் இரண்டு என எழுத அங்கே கட்டமில்லை.

ஏழு மணிக்குக் கீழே இறங்கினேன்.
கண்ணாடிக் கதவு விலகியதும்
ஜூன் மாதம் முகத்தில் மோதியது.
மூக்குக்கண்ணாடி முழுக்க வெண்மேகம்.
எம்ஆர்டி கூட்டம், பள்ளிச் சீருடைகள், பச்சை விளக்கு
எதுவும் தெரியவில்லை.
துடைக்கவில்லை நான்.
வலது கண்ணின் ஓரத்தில்
ஈரம் மெல்லக் கூடி
ஒரு துளியானது;
பக்கத்திலேயே இன்னொன்று.